விண்கலம் ஒரு கோளின் ஈர்ப்பில் பெறும் வேகம், விலகிப் போகும்போது குறைந்துவிடாதா?

குறையும். உள்ளே விழும்போது கூடிய வேகம் அத்தனையும் வெளியே வரும்போது போய்விடும். பள்ளத்தில் சைக்கிள் விட்டால் இறக்கத்தில் கிடைத்தது மறுபக்க ஏற்றத்தில் கரைந்துபோகுமே, அதே கதைதான். உங்கள் சந்தேகத்தில் விடுபட்டது ஒன்றுதான்: அந்தப் பள்ளமே, அதாவது கோளே, ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்காகவே பார்த்துவிடலாம். வியாழன் சூரியனை வினாடிக்குச் சுமார் 13 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. வியாழனிலிருந்து பார்க்கிற ஒருவருக்கு, ஒரு விண்கலம் பக்கவாட்டில் வினாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் நெருங்கி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது வியாழனை ஒட்டி வளைந்து, அதே 10 கி.மீ. வேகத்தில்தான் விலகிப் போகும். அவர் கணக்கில் திசை மட்டுமே மாறியிருக்கிறது.

சூரியனை வைத்துக் கணக்கிட்டால் அப்படி இல்லை. வருவதற்கு முன் கலத்தின் வேகம் சுமார் 16 கி.மீ. (13-ம் 10-ம் செங்குத்து; பிதாகரஸ் போதும்). வளைந்தபின் வியாழன் போகும் திசையிலேயே கிளம்பினால் 13-ம் 10-ம் அப்படியே கூடி 23 கி.மீ. ஆகிவிடும். வியாழன் இருக்கும் தூரத்தில் சூரியனின் பிடியிலிருந்து தப்ப வினாடிக்குச் சுமார் 18.5 கி.மீ. வேண்டும். ஆக, முன்பு சூரியனையே சுற்றிக்கொண்டிருக்க வேண்டிய கலம், இப்போது சூரியக் குடும்பத்தை விட்டே போகலாம். பாதையைத் திருத்தக் கொஞ்சம் எரிபொருள் செலவாகும், அவ்வளவுதான்.

இந்த ஆற்றல் சும்மா வந்ததில்லை, வியாழனிடமிருந்து எடுத்தது. அதன் வேகமும் குறையத்தான் செய்கிறது. ஆனால் அதன் நிறைக்கு முன்னால் அந்தக் குறைவை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

1961-ல் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் இந்தக் கணக்கை விரிவாகப் போட்டுக் காட்டியவர் மைக்கேல் மினோவிச், அப்போது அவர் மாணவர். 1965-ல் அதே ஆய்வகத்தில் கேரி ஃப்ளாண்ட்ரோ, ஒரே கலம் தொட்டுப்போக வியாழன் முதல் நெப்டியூன் வரை நான்கு கோள்களும் வாகாக அமையும் காலம் வரப்போகிறது என்று கண்டார். சுமார் 175 வருடத்துக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு அது. அதைப் பயன்படுத்தி 1977-ல் கிளம்பிய வாயேஜர் 2 விண்கலம், 1989-ல் நெப்டியூனை எட்டியது. குறைந்த எரிபொருளில் நேராகப் போயிருந்தால் சுமார் 30 வருடம் ஆகியிருக்கும்.

பலரும் கவனிக்காத பாதி இன்னொன்று உண்டு: இதே வித்தையால் வேகத்தைக் குறைக்கவும் முடியும். என்னைக் கேட்டால் அதுதான் அதிக சுவாரஸ்யம். பூமி சூரியனை வினாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுற்றுவதால், இங்கிருந்து கிளம்பும் எந்தக் கலத்துக்கும் அந்த வேகம் ஒட்டிக்கொண்டே வரும். சூரியனை நெருங்க வேண்டுமானால் அதில் பெரும்பகுதியைக் கழிக்க வேண்டும். ராக்கெட்டால் மட்டும் ஆகிற காரியமில்லை. சூரியனை ஆராய நாசா அனுப்பிய பார்க்கர் கலம் வெள்ளிக் கோளை ஏழு முறை கடந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தது. 2024 டிசம்பர் 24 அன்று சூரியனின் பரப்பிலிருந்து சுமார் 61 லட்சம் கி.மீ. தூரத்தில் பறந்தது.

வாயேஜர் 2-வும் கடைசியில் வேகத்தை இழந்தது. நெப்டியூனின் டிரைட்டன் நிலவைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காக கலத்தை அந்தக் கோளின் வடதுருவத்துக்கு மேலாகத் திருப்பிவிட்டார்கள். அந்த வளைவில் கூட வேண்டிய வேகம் குறைந்தது. அதற்குப்பின் போக வேறு கோள் இல்லை என்பதால் யாரும் அதற்காக வருந்தவில்லை.