ஞாயிற்றுக்கிழமை பந்து உருளாது

கேள்வி: சார், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைக் கோல்ஃபின் தாய்வீடு என்கிறார்கள். அங்கிருக்கும் ஓல்டு கோர்ஸ் என்கிற கோல்ஃப் மைதானத்தை வடிவமைத்தவர் யார்? கடலோரத்தில் போய் ஏன் அமைத்தார்கள்?

பதில்: யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைபடம் போட்டு அமைத்ததில்லை அது. கடல் ஒதுக்கிய மணல், காற்று குவித்த மேடு, ஏர் இறங்காத பூமி. கடலுக்கும் வயலுக்கும் நடுவே இப்படிக் கிடக்கும் மணல்வெளிக்கு அங்கே ‘லிங்க்ஸ்’ என்று பெயர். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஃபெஸ்கியூ என்கிற ஊசி மாதிரியான புல் தரையை ஒட்டி வளர்வதால், பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடும். குளிர்காற்றுக்கு ஆடுகள் ஒண்டிய பள்ளங்கள்தான் பங்கர்கள், அதாவது பந்தைச் சிக்கவைக்கும் மணல்குழிகள், ஆயின என்பார்கள். இன்றைக்கு அங்கே 112 பங்கர்கள்!

18 குழிக் கணக்கும் இங்கிருந்து வந்ததுதான். 1764 வரை ஒரு சுற்றுக்கு 22 குழிகள். போன வழியிலேயே ஆடித் திரும்புவார்கள். முதல் நான்கு குழிகளை இரண்டாகச் சுருக்கியதும், போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு குறைந்து 18 ஆனது. அந்தப் பழக்கத்தின் மிச்சமாக இன்றும் ஏழு கிரீன்களில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) இரண்டிரண்டு கொடிகள் நிற்கின்றன. எந்த ஜோடியின் குழி எண்களைக் கூட்டினாலும் 18 வரும். 2-ம் 16-ம், 5-ம் 13-ம்... கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: எப்படியும் பணக்காரர்களின் இடம்தானே?

பதில்: இல்லை, ஊர்ச்சொத்து. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். லிங்க்ஸில் ஊர் மக்கள் கோல்ஃப் ஆடலாம், கால்பந்து ஆடலாம், கால்நடை மேய்க்கலாம் என்பதை 1552-லேயே ஆர்ச்பிஷப் ஜான் ஹாமில்டன் எழுத்தில் ஒப்புக்கொண்டார். 1797-ல் கடனில் தத்தளித்த நகராட்சி நிலத்தைக் கைவிட்டது. அது முயல் வளர்த்து விற்பவர்களிடம் போனது. வளை தோண்டிய முயல்களால் அடிதடி, வழக்கு எல்லாம் நடந்தது. 1821-ல் ஜேம்ஸ் சீப் என்கிற நிலக்கிழார் வாங்கிக் காப்பாற்றினார். 1894-ல் நகரமே திரும்ப வாங்கியது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது.

நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரிய போட்டி நாட்களைத் தவிர, ஞாயிறன்று அங்கே ஆட்டம் கிடையாது. யார் வேண்டுமானாலும் நடக்கலாம். ஸ்வில்கன் ஓடையின் மேல் இருக்கும் கல்பாலத்தைப் படத்தில் பார்த்துப் பெரிதாக நினைத்திருந்தேன். பத்துப் பதினைந்து எட்டில் கடந்துவிட்டேன். 18-வது குழிக்கான புல்வெளியில் ஒரு தாய் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார், பின்னாலேயே ஒரு நனைந்த நாய். கொஞ்சம் தள்ளி, முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் குறுக்கே ஒரு தார்ச்சாலை கடற்கரைக்குப் போகிறது. ஆட்டம் நடக்கும் நாட்களிலும் அது பொதுவழிதான். அதில் ஆள் போனால், எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரும் மட்டையைத் தாழ்த்திக் காத்திருக்க வேண்டும்.