வீரரின் பெயரா, குலத்தின் பெருமையா?

கேள்வி: என் மகனுக்கு ஆண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. எங்கள் சமூகத்தில் பிறந்து, வெள்ளையனை எதிர்த்து உயிர்விட்ட வீரரின் பெயரைப் பேரனுக்குச் சூட்ட வேண்டும் என்பது என் ஆசை. மருமகளோ ‘பகத்’ என்று வைக்கப்போவதாகப் பிடிவாதமாக இருக்கிறாள். நம் இனத்திலேயே ஒரு தியாகி இருக்கும்போது வடநாட்டுப் பெயர் எதற்கு? நீங்களே நியாயம் சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நியாயம் உங்கள் மருமகள் பக்கம்தான் இருக்கிறது. காரணத்தைக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

அந்த வீரர் எங்கே போரிட்டார், எப்படி உயிரைக் கொடுத்தார் என்பது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர் உங்கள் சமூகத்தவர் என்பது மட்டும் இரண்டு முறை வருகிறது. அவருடைய தியாகத்தைவிடப் பிறப்பே உங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. இது உங்கள் ஒருவருடைய குறை அல்ல. விடுதலை வீரர்களின் நினைவு நாள் வந்தால் தமிழ்நாட்டுச் சுவர்களைப் பாருங்கள். நடுவில் வீரரின் படம் இருக்கும். சுற்றிலும் சாதிச் சங்கத்தாரின் படங்கள் இருக்கும். நாட்டுக்காக நின்றவர்களை ஆளுக்கு ஒருவராகப் பாகம் பிரித்துக்கொண்டுவிட்டோம். பச்சைக் குழந்தையின் பெயரிலும் அந்தப் பாகப்பிரிவினை வேண்டாம்.

அந்த வீரர்கள் இதை ஏற்றிருப்பார்களா? 1801 ஜூன் மாதம் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை, திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம் என்று அனைவரையும் விளித்து, ஒன்றுசேருங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று அண்ணன் பெரிய மருதுவையும் தம்பி சின்ன மருதுவையும் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர். 2 லட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்குகளை வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட்.

பெயர் வைப்பதிலும் வ.உ.சி.யிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தவர் அவர். ஆங்கிலேய ஆட்சியின் கொடுமையை உடம்பால் அனுபவித்தவர். விடுதலையான பிறகும் வக்கீல் தொழில் செய்ய முடியாதபடி உரிமத்தைப் பறித்திருந்தார்கள். வறுமை வாட்டியது. அந்த உரிமம் திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியில் தம் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. ஆட்சியை எதிர்த்தார், ஆனால் நல்லது செய்த மனிதரை எந்த இனம் என்று பார்த்து ஒதுக்கவில்லை. இவரையும்கூட இன்று ஒரு சாதிக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

பஞ்சாபில் பிறந்த உத்தம் சிங்கையும் சொல்ல வேண்டும். ஜாலியன்வாலா பாக் படுகொலையின்போது பஞ்சாப் ஆளுநராக இருந்த மைக்கேல் ஓ டயரை 1940-இல் லண்டனில் சுட்டுக் கைதான பிறகு, தம் பெயர் ராம் முகமது சிங் ஆசாத் என்று சொன்னார். மூன்று மதத்தாரும் அந்த ஒரு பெயருக்குள் இருந்தார்கள்.

பகத்சிங் வடநாட்டுக்காரர் என்கிறீர்கள். 1931 மார்ச் 23 அன்று லாகூர் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது 23. ஒரு வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 29 ‘குடிஅரசு’ இதழில் பெரியார் அவரைப் பற்றித் தலையங்கம் எழுதினார். நாத்திகம் குறித்து பகத்சிங் சிறையில் எழுதியதைத் தமிழாக்கியதற்காகப் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா கைதானார். தமிழ்நாடு அவரை அப்போதே தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

உங்கள் அப்பா காலத்து ஆட்களை நினைத்துப் பாருங்கள். காந்தி, நேரு, திலகர், போஸ் என்று எத்தனை பேருக்குப் பெயர் வைத்தார்கள்! மதுரை, ராமநாதபுரம் பக்கம் போஸ் என்ற பெயரும் ஜான்சிராணி என்ற பெயரும் இன்றும் சர்வசாதாரணம். ரேஷன் கடை வரிசையில் நின்று ‘போஸ்’ என்று கூப்பிட்டால், யார் திரும்பிப் பார்ப்பார், அவர் எந்தத் தெருக்காரர் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. வங்காளத்து மனிதர் ஒருவரின் பெயரால் நம் தாத்தாக்கள் சாதித்தது இது. நீங்கள் பேரனுக்கு வைக்க நினைக்கும் பெயரோ, வாயைத் திறந்ததும் அவன் சாதியைச் சொல்லிவிடும்.

தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்றால் குமரன் இருக்கிறது. சென்னிமலையில் பிறந்து, 1932 ஜனவரியில் திருப்பூரில் தடியடி பட்டு, கொடியை விடாமல் உயிர்விட்டவர். சின்னப் பெயர், கூப்பிடவும் எளிது. பேத்தி பிறந்தால் வள்ளியம்மை. தில்லையாடியிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போன குடும்பத்தின் பெண். காந்தியின் போராட்டத்தில் சிறைக்குப் போய், நோயோடு திரும்பி, 16 வயதில் இறந்தவள். மாவீரன், தளபதி போன்ற பட்டங்களை மட்டும் பெயராக்கிவிடாதீர்கள். அவையெல்லாம் பிள்ளை வளர்ந்து சம்பாதிக்க வேண்டியவை. எந்தப் பெயரானாலும் முடிவு பெற்றவர்களுடையது. தாத்தா யோசனை சொல்லலாம், அவ்வளவுதான்.

அவசரம் ஒன்றும் இல்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குள் ஒருநாள் மருமகளிடம் உட்கார்ந்து, ஏன் பகத் என்று கேளுங்கள். பிறகு உங்கள் வீரரின் கதையை அவருக்குச் சொல்லுங்கள், சாதியைக் குறிப்பிடாமல்.