சரிவான தோட்டத்தில் சொட்டுநீர்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் சரிவில் போஞ்சியும் தக்காளியும் போட்டிருக்கிறேன். பெப்ரவரி, மார்ச்சில் ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் நூலாகிவிடும். மோட்டார் இல்லாமல் சொட்டுநீர் போடலாமா?
– ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: தாராளமாகப் போடலாம், மோட்டாருக்குச் செலவழிக்கவே வேண்டாம், அந்த வேலையை உங்கள் சரிவே செய்துவிடும். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். பாத்திக்கு நாலைந்து மீட்டர் மேலே 200 லீட்டர் பீப்பாயை வைத்தால் சின்னத் தோட்டத்துக்குப் போதும்.

பலரும் தவறுவது குழாய் போடும் திசையில்தான். பிரதான குழாய் மட்டும் மேலிருந்து கீழே இறங்கட்டும், சொட்டுக் குழாய்கள் சரிவுக்குக் குறுக்கே, மட்டமாக ஓட வேண்டும்; சரிவோடு நீட்டினால் கீழ்ச்செடி குளிக்கும், மேல்செடி காயும். நானும் முதல் முறை அப்படிப் போட்டு இரண்டு வரிசை போஞ்சியை வாட விட்டவன்தான்.

பீலித் தண்ணீரில் மண்ணும் இலைத்தூளும் வரும், அதனால் பீப்பாயின் அடியிலிருந்து நாலு விரல் மேலே குழாயை எடுங்கள், ஃபில்டர் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம், ஒவ்வொரு குழாயின் கடைசி மூடியையும் கிழமைக்கு ஒரு தடவை திறந்து கழுவி விடுங்கள். பீப்பாயையும் மூடி வையுங்கள். வெயில் பட்டால் பாசி, அப்புறம் நுளம்பு வேறு.

மணிக்கு 2 லீட்டர் விடும் சொட்டுவான் (சொட்டுக் குழாயில் நீர் சொட்டும் சின்ன முனை) 50 இருந்தால் கணக்குப்படி பீப்பாய் இரண்டு மணி நேரத்தில் காலி; அழுத்தம் குறைவு என்பதால் இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். காலையில் விடுங்கள். ஏப்ரலில் பின்னேர மழை தொடங்கியதும் வால்வை மூடிவிடலாம்.