வங்கி நோட்டீஸ் வந்த வீட்டை வாங்குவது எப்படி? கேள்வி பதில்

வீட்டுக் கடன் தவணை நின்றுபோய், சர்ஃபேசி சட்டப்படி (ஈடு வைத்த சொத்தை வங்கி வழக்குப் போடாமலே எடுத்து விற்க வழி செய்யும் சட்டம்) வங்கி நடவடிக்கை எடுக்கும் வீட்டை ஏலத்துக்கு முன்பே உரிமையாளரிடம் வாங்குவது பற்றி வந்த கேள்விகள் இவை. பதில்கள் தமிழ்நாட்டு நடைமுறைப்படி.

உரிமையாளரிடம் எந்தக் கட்டத்தில் போய்ப் பேசலாம்?

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அடுத்து வருவது அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவுப்படி, கடனைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ். அதற்கு 60 நாள் கெடு. பேசுவதற்கு ஏற்ற காலம் அதுதான். கெடு தாண்டினால் 13(4)படி சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டி, தமிழ் நாளிதழ் ஒன்று உட்பட இரண்டு நாளிதழ்களில் போடுவார்கள். அப்போதும் வழி இருக்கிறது. ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால் இல்லை. பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை அந்த அறிவிப்பு வெளியாகும் வரைதான் என்று 2023-இல் செலிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதன்பின் உரிமையாளர் கையில் அட்வான்ஸ் கொடுத்தால் அது திரும்பி வருவது கஷ்டம்.

நாளிதழில் பெயரும் முகவரியும் இருக்கிறது. நேரே போய்க் கதவைத் தட்டலாமா சார்?

முதலில் கடிதம் அனுப்புங்கள். நீங்கள் யார், வீடு வாங்க விரும்புகிறீர்கள், வங்கிக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்ற மூன்றும் அதில் தெளிவாக இருக்கட்டும். வங்கி ஆள் போலத் தோன்றும்படி ஒரு வார்த்தை கூட வேண்டாம். பதில் வந்தபின் பகலில், அவர்கள் சொல்லும் நேரத்தில் போங்கள். வாசலில் நின்று கடன் தொகையைப் பேசாதீர்கள். அக்கம்பக்கத்தில் ஒருமுறை தலைகுனிந்த குடும்பம் உங்களை மறுபடி உள்ளே விடாது. கணவன், மனைவி, பத்திரத்தில் பெயருள்ள எல்லாரும், அவர்கள் நம்பும் உறவினரோ வக்கீலோ ஒருவரும் இருக்கும்போது விலை பேசுங்கள். ஒருவரை மட்டும் தனியே சம்மதிக்க வைத்தால், பதிவு நாளன்று மற்றவர் கையெழுத்துப் போட வரமாட்டார்.

அவர்களுக்கு இருக்கும் மற்ற வழிகளையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நிலுவை முழுவதையும் கட்டினால் கணக்கு சீராகும். வங்கியிடம் ஒரே தவணைத் தீர்வு, அதாவது பேசி முடித்த தொகையை ஒரேயடியாகக் கட்டிக் கடனை முடிப்பது, கேட்கலாம். சுவாதீன நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இதையெல்லாம் கேட்டபிறகும் விற்கிறேன் என்பவரிடம்தான் வாங்க வேண்டும். வழி தெரியாமல் தவிப்பவரிடம் அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்குவது அநியாயம். நாளைக்கு வழக்காகவும் வந்து நிற்கும்.

உரிமையாளர் சம்மதித்துவிட்டார். உடனே அக்ரிமென்ட் போடலாமா?

கூடாது. 13(2) நோட்டீஸ் கிடைத்தபின் வங்கியின் எழுத்துபூர்வ முன் அனுமதி இல்லாமல் அந்தச் சொத்தை விற்க முடியாது. 13(13) பிரிவு தடுக்கிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். உரிமையாளரோடு கிளைக்குப் போய் இந்த நடவடிக்கையைக் கவனிக்கும் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியைப் பாருங்கள். இரண்டு கடிதங்கள் வாங்குங்கள்: ஒன்று விற்பனைக்கான அனுமதி, மற்றது கடனை முடிக்க வேண்டிய தொகை, அது எந்தத் தேதிவரை செல்லும் என்ற விவரத்தோடு. இதே பத்திரத்தின் மேல் வேறு கடனோ ஜாமீனோ இல்லை என்றும் எழுதி வாங்குங்கள். வீட்டுக் கடனை அடைத்தபிறகும், உரிமையாளரின் அண்ணன் வாங்கிய தொழில் கடனுக்கு இதே பத்திரம் ஈடு என்று வங்கி பிடித்துக்கொள்ளலாம்.

30 வருட வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். நீதிமன்ற ஜப்தி, இரண்டாவது அடமானம், முன்பே போட்ட விற்பனை ஒப்பந்தம் எல்லாம் அதில்தான் தெரியவரும். இவை முடிந்தபின் ஒப்பந்தம். தமிழ்நாட்டில் அதையும் பதிவு செய்தாக வேண்டும்.

பணத்தை யாருக்கு, எப்போது கொடுப்பது?

பேசிய விலை 55 லட்சம், வங்கிக்குச் சேர வேண்டியது 38 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 38 லட்சத்துக்கு வங்கி பெயரில், கடன் கணக்கு எண் குறித்து டிடி. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1% டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடிக்க வேண்டும், இங்கே 55,000. மீதி 16,45,000 உரிமையாளர் கணக்குக்கு, பதிவு நாளன்று. ரொக்கம் வேண்டாம். முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2% உங்கள் செலவு. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அதன்மேல்தான் கணக்கு.

சார் பதிவாளர் அலுவலகத்துக்கு வங்கி அலுவலரும் மூலப் பத்திரங்களோடு வரவேண்டும். முதலில் அடமான ரத்து ரசீது, அடுத்த பதிவு எண்ணில் கிரயப் பத்திரம். டிடி அதுவரை உங்கள் கையிலேயே இருக்கட்டும். முன்கூட்டியே பணம் கட்டினால்தான் பத்திரம் எடுத்து வருவோம் என்று வங்கி சொன்னால், ஒப்பந்தம் பதிவான பிறகு மட்டும் கட்டுங்கள்.

பவர் பத்திரம் வாங்கிக்கொண்டால் போதாதா?

போதாது. பவர் மூலம் உரிமை மாறாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“இப்போது எழுதிக் கொடுங்கள், இதே வீட்டில் வாடகைக்கு இருங்கள், பணம் வந்ததும் திருப்பித் தருகிறேன்” என்று பேசலாமா?

தயவுசெய்து வேண்டாம். அது விற்பனையே அல்ல, அடமானம்தான் என்று நீதிமன்றம் முடிவு செய்ய வாய்ப்புண்டு. வாடகை என்ற பெயரில் வட்டி வாங்கினால் கந்துவட்டித் தடைச் சட்டமும் பாயலாம். குடும்பம் கடைசியில் வீட்டையும் இழக்கும், கட்டிய வாடகையையும் இழக்கும்.

நான் வீட்டுக்காரன். ஒருவர் பாதி விலை சொல்லி, இரண்டு நாளில் முடிவு கேட்கிறார். என்ன செய்ய?

கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் உங்கள் நோட்டீஸ் தேதியைப் பாருங்கள். 60 நாளில் எத்தனை மீதி என்பதுதான் உங்கள் கெடு. அவர் சொல்லும் இரண்டு நாள் அல்ல. கெடுவுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். இதற்கிடையில் தெருவில் சமீபத்தில் பதிவான விலையை விசாரித்து, வேறு இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள்.

ஏல அறிவிப்பு வந்துவிட்டது. ஏலத்திலேயே எடுக்கலாமா?

எடுக்கலாம். ஏலத்தில் கலந்துகொள்ள முன்பே கட்டிய முன்வைப்புத் தொகையையும் சேர்த்து, ஏல விலையில் 25% அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதி, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில். வங்கி எழுத்தில் கெடு நீட்டித்துத் தரலாம், மொத்தம் 3 மாதத்துக்கு மேல் போகாது. தவறினால் கட்டிய பணம் போய்விடும். வீட்டுக் கடன் கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். வங்கியிடம் இருப்பது நேரடி சுவாதீனமா, அறிவிப்பு மட்டும் ஒட்டிய காகித அளவிலான சுவாதீனமா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால், உள்ளே குடியிருப்பவர் வெளியேறி சாவி கைக்கு வர எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் கணக்கில் வைத்தே விலை கேளுங்கள்.