சும்மா விட்டா புதன்ல விழாதா? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

பெப்பிகொலம்போ விண்கலம் 2018-ல கெளம்பி 2026 நவம்பர்லதான் புதனுக்குப் போய்ச் சேரும்னு எழுதியிருந்தீங்க. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் ஒன்பதரை வருஷத்துல புளூட்டோவையே தாண்டிடுச்சே. புதன் நமக்கு உள்பக்கம் இருக்கு, சூரியன் வேற இழுக்குது, சும்மா விட்டாலே அந்தப் பக்கம் விழுந்துடாதா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

விழாது, அதான் சிக்கலே. பூமி சூரியனை விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல சுத்துது, இங்கேருந்து கெளம்புற எந்த விண்கலத்துக்கும் அந்த 30 கூடவே வரும். வேகமா போற பஸ்ல கடைசி சீட்டு ஜன்னல் வழியா ஒரு பந்தை பின்பக்கமா வீசுறீங்கன்னு வைங்க, உங்களுக்கு அது பின்னாடி போகுது, ஆனா ரோட்டோரம் டீ குடிச்சிட்டு நிக்கிறவருக்கு அது பஸ் போற பக்கமாத்தான் போகுது, என்ன, கொஞ்சம் மெதுவா. புதனுக்கு இறங்கணும்னா அந்த 30-ல ஏழு எட்டு கிலோமீட்டரைக் கழிச்சாகணும். வேகத்தைக் கூட்டுனாலும் எரிபொருள்தான், கழிச்சாலும் எரிபொருள்தான்.

சரி, கழிச்சாச்சு. இப்பதான் நீங்க சொன்ன சூரியன் வேலையைக் காட்டும். உள்ள இறங்க இறங்க வேகம் ஏறி, புதன்கிட்ட வர்றப்ப கிட்டத்தட்ட 57 ஆயிடும், புதன் ஓடுறதோ சராசரியா 47-லதான். அந்த 10 கிலோமீட்டர் வித்தியாசத்துல சர்ருன்னு தாண்டிப் போயிடும், இழுத்துப் புடிக்கிற அளவுக்கு புதனுக்கு ஈர்ப்பு பத்தாது. செவ்வாய்னா காத்துல உரசி பிரேக் போடலாம், இங்க காத்துன்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமே இல்ல.

அதான் கிரகங்களோட ஈர்ப்பையே பிரேக்கா பயன்படுத்துறாங்க. 2004 ஆகஸ்ட்ல கெளம்புன நாசாவோட மெசஞ்சர் பூமியை ஒரு தடவை, வெள்ளியை ரெண்டு தடவை, புதனையே மூணு தடவை ஒட்டிப் பறந்து பறந்து கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைத் தேய்ச்சு, 2011 மார்ச்லதான் சுத்துப்பாதைக்குள்ள போச்சு. புதன் கிட்ட வர்றப்ப நமக்கும் அதுக்கும் 8 கோடி கிலோமீட்டர் கூட கிடையாது, இது ஓடுனது 790 கோடி! அப்படியும் 1100 கிலோ எடையில 600 கிலோ எரிபொருளுக்கே போச்சு. இந்த மாதிரி வழி இருக்குன்னு நாசாவோட ஜேபிஎல் ஆய்வுக்கூடத்துல சென்-வான் யென்-ங்கிற அம்மா 1985-லயே கணக்கு போட்டுக் கண்டுபுடிச்சாங்க, எனக்கு ராக்கெட்டை விட அவங்கதான் பெரிய ஆச்சரியம்.

பெப்பிகொலம்போவுக்கு இந்த மாதிரி ஒன்பது தடவை, அதுல ஆறு புதன்லயே. 2024-ல அதோட அயன் இன்ஜினுக்கு (கரண்ட்ல ஓடுற இன்ஜின்) முழு கரண்ட் போகாம பாதையை மாத்த வேண்டியதாச்சு, அதுலதான் 2025 டிசம்பர்ல சேர வேண்டியது 2026 நவம்பர் ஆனது. புளூட்டோ கதை வேற, நியூ ஹொரைசன்ஸ் அங்க நிக்கவே இல்ல, தாண்டிப் போயிட்டே இருந்துச்சு. அப்படி எட்டிப் பாத்துட்டுப் போறதுன்னா புதனும் ஈஸிதான், நாசாவோட மரைனர் 10 விண்கலம் 1973 நவம்பர்ல கெளம்பி அஞ்சே மாசத்துல பாத்துடுச்சு.

வெயிலைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா அதுவும் லேசுப்பட்டதில்ல. மெசஞ்சர் ஒரு செராமிக் துணிய குடை மாதிரி எப்பவும் சூரியன் பக்கம் புடிச்சிட்டேதான் இருந்துச்சு, முன்பக்கம் 300 டிகிரிக்கு மேல, பின்னாடி நம்ம வீட்டு ரூம் சூடு. கீழ தரையும் 430 டிகிரி வரைக்கும் கொதிக்கிறதால கிட்ட வந்து உடனே தூரமா ஓடிப்போற மாதிரி நீள்வட்டப் பாதையில விட்டாங்க. அந்தப் பாதையை சூரியன் இழுத்து இழுத்துக் கலைச்சுட்டே இருக்கும், இவங்க எரிபொருள் செலவு பண்ணி சரி பண்ணிட்டே இருப்பாங்க. கடைசியில எரிபொருள் தீந்துச்சு, 2015 ஏப்ரல் 30 அன்னிக்கு விநாடிக்கு கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் வேகத்துல போய் மோதிடுச்சு. சும்மா விட்டு புதன்ல விழுந்தது அது ஒண்ணுதான் தம்பி.