ஃபியூச்சரா போல்டு எழுத்துருவின் வடிவ இயல்பு என்ன, அதை எங்கே பயன்படுத்தலாம்?

பால் ரென்னர் வடிவமைத்து 1927இல் ஜெர்மனியில் வெளியான ஃபியூச்சரா, வட்டத்தையும் முக்கோணத்தையும் சதுரத்தையும் அடிப்படையாகக் கொண்டது என்றாலும், வெறும் கவராயத்தால் வரைந்துவிடக் கூடியதன்று. வளைவு, எழுத்தின் செங்குத்துக் கோடான தண்டோடு சேரும் இடத்தில் கோடு சற்றே மெலிகிறது. அந்த மெலிவு இல்லையெனில், குறிப்பாகத் தடித்த வடிவில், அவ்விடம் மை தேங்கியதுபோல் கறுத்துத் தெரியும். என்னை மிகவும் கவர்ந்தது இந்த நுட்பமே. பெரிய எழுத்துகளின் அகல விகிதமோ பழைய ரோமானியக் கல்வெட்டுகளை ஒட்டியது.

சுவரொட்டி, நூலட்டை, வணிகச் சின்னம் ஆகியவற்றில் சில சொற்களை உரக்கச் சொல்ல இது மிகப் பொருத்தமானது. அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர் சிவப்புப் பட்டையின்மேல் வெள்ளை நிறத்தில் பதித்த சாய்ந்த தடித்த ஃபியூச்சரா வாசகங்களே அதற்குச் சான்று. நீண்ட பத்திகளுக்கு மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள்: சிறிய அளவில் எழுத்துகளின் உள்வெளி அடைபட்டு, வட்ட எழுத்துகள் ஒன்றுபோலவே தோன்றும்.