ஆபரேஷன் ஆனவருக்கு ஜன்னல் ஓரக் கட்டில் கேட்டு வாங்குவதால் பலன் உண்டா?

உண்டு, தயங்காமல் கேளுங்கள். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, ஜன்னலில் என்ன தெரிகிறது என்பது குணமாவதைப் பாதிக்கிறதா என்று பார்த்தது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை எடுத்த 46 பேரின் பழைய குறிப்புகளைப் புரட்டி, வயது, புகைப்பழக்கம் எல்லாம் ஒத்துப்போகிற மாதிரி ஜோடி சேர்த்தார். ஒருவர் ஜன்னலில் மரம், மற்றவருக்கு வெறும் செங்கல் சுவர். மரத்தில் இலை இருக்கும் மே முதல் அக்டோபர் வரை மட்டும் எடுத்துக்கொண்டார், அந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மரம் தெரிந்தவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு சராசரியாக 7.96 நாள் தங்கினார்கள், சுவர்ப் பக்கம் 8.70. வீரியமான வலி மருந்தும் மரம் தெரிந்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சுவர்ப் பக்கத்தவர்களைப் பற்றித்தான் நர்ஸுகள் 'அழுகிறார்' என்கிற மாதிரி அதிகம் எழுதியிருந்தார்கள். சரி, 46 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், மரம் மருந்துக்கு மாற்றும் இல்லை. ஆனாலும் மரம் தெரிகிற ஜன்னல் பக்கம் கட்டில் காலியானால் மாற்றித் தரச் சொல்லி வார்டு நர்ஸிடம் இன்றே சொல்லி வையுங்கள்.